கேள்விப்படாத கம்பெனியின் மெல்லிய லேப்டாப் வாங்கலாமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திருநெல்வேலியில் லேப்டாப் பழுது பார்க்கும் கடை வைத்திருக்கிறேன். ஜூன், ஜூலை வந்துவிட்டால் கல்லூரியில் சேரும் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு பெற்றோர் கடைக்கு வருவார்கள். போனை நீட்டி ஒரு படத்தைக் காட்டுவார்கள். ஒல்லியான, வெள்ளி நிற லேப்டாப். 16 ஜிபி ரேம், 512 ஜிபி எஸ்எஸ்டி. தெரிந்த கம்பெனிகளின் விலையைவிடப் பத்துப் பதினைந்தாயிரம் குறைவு. கம்பெனியின் பெயரை மட்டும் யாரும் கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள். "இத வாங்கலாமாண்ணே?" என்பார்கள். நின்றுகொண்டே பதில் சொல்லி முடிக்கிற கேள்வி இல்லை அது. அதனால் பலமுறை சொன்னதை எல்லாம் இங்கே எழுதி வைத்திருக்கிறேன்.

சுருக்கமாகச் சொல்லுங்கள்: வாங்கலாமா, வேண்டாமா?

சிலவற்றை வாங்கலாம். பெயர் தெரியவில்லை என்பது மட்டுமே ஒரு குறை ஆகாது. ஆனால் ஒன்றை மனதில் வையுங்கள். வாங்கிய அன்று எல்லா லேப்டாப்பும் நன்றாகத்தான் ஓடும். மூன்றாம் வருடம் பேட்டரி இறங்கும்போதோ, திரை உடையும்போதோ அந்தப் பாகம் கிடைக்குமா, மாற்றிக் கொடுக்க ஆள் இருக்குமா என்பதில்தான் விஷயம் இருக்கிறது. தெரிந்த பிராண்டுக்கு நாம் கொடுக்கும் கூடுதல் காசில் நல்ல பங்கு இதற்குத்தான் போகிறது. அந்தக் காசை மிச்சம் பிடிக்கிறோம் என்றால், அந்த வேலையை வாங்குவதற்கு முன்பே நாம் செய்துவிட வேண்டும்.

இந்தக் கம்பெனிகள் லேப்டாப்பைச் சொந்தமாகச் செய்வதே இல்லை என்கிறார்களே?

உண்மைதான், ஆனால் பெரிய கம்பெனிகளிலும் பல அப்படித்தான். தைவானின் குவாண்டா, காம்பல், விஸ்ட்ரான், இன்வென்டெக், பெகாட்ரான் ஆகிய நிறுவனங்கள்தான் உலகின் பெரும்பாலான லேப்டாப்களைத் தயாரித்துக் கொடுக்கின்றன. வித்தியாசம் எங்கே என்றால், பெரிய பிராண்டு தன் பொறியாளர்களை உட்கார வைத்து வடிவமைப்பைத் தீர்மானிக்கிறது, சோதிக்கிறது, உதிரிப் பாகங்களை வாங்கிக் கிடங்கில் வைக்கிறது. சின்ன பிராண்டு ஏற்கெனவே தயாராக இருக்கும் ஒரு உடம்பை வாங்கி, மூடியில் தன் பெயரைப் பதிக்கிறது. தைவானின் கிளெவோ, சீனாவின் டாங்ஃபாங் போன்றவை இப்படி உடம்பு மட்டும் விற்பவை. ஜெர்மனி, அமெரிக்காவில் உள்ள சில சிறிய பிராண்டுகள் அவற்றை வாங்கி, நல்ல சர்வீஸோடு, நல்ல பெயரோடு விற்கின்றன. ஆக, அந்த முறையில் தவறு எதுவும் இல்லை.

கேள்விப்படாத பெயர்களை நான் மூன்று வகையாகப் பிரித்துப் பார்ப்பேன். போன் விற்று வளர்ந்து, பிறகு லேப்டாப்புக்கு வந்தவர்கள் ஒரு வகை. 2021 டிசம்பரில் இந்தியாவில் லேப்டாப் விற்கத் தொடங்கிய இன்ஃபினிக்ஸ் இப்படிப்பட்டது. அதன் தாய் நிறுவனம் ஷென்ஜெனில் உள்ள டிரான்ஷன். டேப்லெட், சிறிய லேப்டாப் என்றே பல வருடங்களாகத் தொழில் செய்யும் சூவி போன்றவர்கள் இரண்டாம் வகை. கொள்கலனில் இறக்கி, ஸ்டிக்கர் ஒட்டி, ஒரு சீசன் விற்றுவிட்டுப் பெயரையே மாற்றிக்கொள்பவர்கள் மூன்றாம் வகை. முதல் இரண்டையும் பாகம் பாகமாகப் பார்த்து முடிவெடுக்கலாம். மூன்றாம் வகைக்கு நான் என்றைக்கும் வேண்டாம் என்றுதான் சொல்வேன். எப்படிக் கண்டுபிடிப்பது? கம்பெனியின் சொந்த இணையதளத்தில், இரண்டு மூன்று வருடம் முன்பு விற்ற மாடலுக்கு டிரைவர் (டச்பேட், வைஃபை போன்ற பாகங்களை விண்டோஸோடு பேச வைக்கும் மென்பொருள்) இன்னும் தரவிறக்கக் கிடைக்கிறதா பாருங்கள். கிடைத்தால் அங்கே யாரோ பொறுப்பாக இருக்கிறார்கள்.

பிராசஸர் பெயரை எப்படிப் படிப்பது? "இன்டெல்", "ரைசன் 5" என்று போட்டிருந்தால் போதுமா?

போதவே போதாது. இந்த வகை லேப்டாப்பில் அதிகம் பேர் ஏமாறும் இடம் இதுதான். விளம்பரத்தில் "இன்டெல் குவாட் கோர், 12ஆம் தலைமுறை" என்று மட்டும் இருக்கும். முழு எண்ணைக் கேட்டு வாங்குங்கள்.

என்100 என்று இருந்தால், அது 2023-ல் வந்த, 6 வாட்டில் ஓடக்கூடிய சிறிய சிப். கோர் என்பது சிப்புக்குள் கணக்குப் போடும் பகுதி; இதில் நான்கு கோரும் மின்சாரத்தைக் குறைவாக எடுக்கும் சிக்கனக் கோர்கள். வேர்டு, எக்செல், ஆன்லைன் வகுப்பு, யூடியூப், கொஞ்சம் பைத்தான் இவற்றுக்குத் தாராளமாகப் போதும். ஆட்டோகேட், வீடியோ எடிட்டிங், ஆண்ட்ராய்டு ஸ்டுடியோ என்றால் தவிக்கும். ஐ3-1215யூ 2022-ல் வந்தது; 6 கோர், அதில் இரண்டு பெரிய கோர். என்100-க்கும் இதற்கும் நடுவே பெரிய இடைவெளி இருக்கிறது. இரண்டையும் "12ஆம் தலைமுறைக் காலத்து இன்டெல்" என்று ஒரே மூச்சில் சொல்லி விற்கிறார்கள். இரண்டே கோர் உள்ள செலரான் என்4020 இருந்தால், 2019-ல் வந்த அந்தச் சிப்புக்கு இன்று காசு கொடுக்காதீர்கள்.

ரைசன் சிப்பைச் செய்யும் ஏஎம்டியின் 7000 வரிசையில் மூன்றாவது இலக்கத்தைப் பாருங்கள். அதுதான் உள்ளே இருக்கும் கோரின் வயதைச் சொல்லும். ரைசன் 5 7520யூ என்பதில் மூன்றாவது இலக்கம் 2. அதாவது ஜென் 2 (ஏஎம்டி தன் கோர் தலைமுறைகளுக்கு வைக்கும் பெயர் ஜென்), 2019-ல் அறிமுகமான வடிவமைப்பு, நான்கு கோர். 7530யூ என்றால் ஜென் 3, ஆறு கோர். 7640யூ என்றால் ஜென் 4. மூன்றும் "ரைசன் 5 7000 வரிசை" தான். ஆனால் 7520யூ வாங்கியவரும் 7640யூ வாங்கியவரும் ஒரே பொருளை வாங்கவில்லை.

பெட்டி வந்ததும் சிபியூ-இசட் என்ற இலவசக் கருவியை ஓட்டி, உள்ளே இருப்பதும் பில்லில் இருப்பதும் ஒன்றுதானா என்று சரிபாருங்கள். இரண்டு நிமிட வேலை.

ரேம், எஸ்எஸ்டி இரண்டையும் பின்னால் கூட்டிக்கொள்ளலாம் என்று கடைக்காரர் சொல்கிறார்.

எஸ்எஸ்டியைப் பெரும்பாலும் மாற்றலாம். ரேமைப் பெரும்பாலும் முடியாது. மெல்லிய லேப்டாப்பில் இடம் சேமிக்க ரேமை மதர்போர்டிலேயே சால்டர் செய்துவிடுகிறார்கள், அதாவது கழற்ற முடியாதபடி பற்றவைத்துவிடுகிறார்கள். எல்பிடிடிஆர் என்று தொடங்கும் ரேம் என்றால் அநேகமாக அப்படித்தான். 8 ஜிபி சால்டர் செய்த லேப்டாப்பை வாங்கிவிட்டு 16 ஆக்கித் தரச் சொல்லி வருபவர்களைத் திருப்பி அனுப்ப எனக்கே சங்கடமாக இருக்கும். நான்கு வருடம் ஓட்ட வேண்டுமென்றால் வாங்கும்போதே 16 எடுங்கள்.

எஸ்எஸ்டி விஷயத்தில் ஒன்று. "512 ஜிபி" என்றால் எந்த வகை என்று கேளுங்கள். என்விஎம்இ வகை நொடிக்கு 2,000 எம்பிக்கு மேல் படிக்கும். சாட்டா வகை 550 எம்பியோடு நின்றுவிடும். மலிவான லேப்டாப்களில் வரும் இஎம்எம்சி அதிலும் பாதிதான், அதோடு அதைக் கழற்றவும் முடியாது. இஎம்எம்சி என்றால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

பேட்டரி 10,000 எம்ஏஹெச் என்று போட்டிருக்கிறது. பெரிய பேட்டரிதானே?

எம்ஏஹெச் எண்ணை மட்டும் வைத்து லேப்டாப் பேட்டரியை அளக்க முடியாது. வோல்டேஜையும் சேர்த்துப் பெருக்கினால்தான் உள்ளே எவ்வளவு மின்சாரம் இருக்கிறது என்று தெரியும். அந்த அளவுக்குப் பெயர் வாட் அவர். 3.8 வோல்ட் பேட்டரி 10,000 எம்ஏஹெச் என்றால் 38 வாட் அவர். 7.6 வோல்ட் பேட்டரி 5,000 எம்ஏஹெச் என்றாலும் அதே 38 வாட் அவர்தான். 11.4 வோல்ட்டில் 5,000 என்றால் 57 வாட் அவர். பார்ப்பதற்குப் பத்தாயிரம் பெரிதாகத் தெரிகிறது. உண்மையில் மூன்றாவதுதான் பெரியது.

சாதாரண உலாவல், டைப்பிங் வேலைக்கு ஒரு மெல்லிய லேப்டாப் 6 முதல் 8 வாட் வரை எடுக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். 38-ஐ 7-ஆல் வகுத்தால் ஐந்தரை மணி நேரம் கூட வராது. பெட்டியில் "10 மணி நேரம்" என்று இருந்தால் இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். 50 வாட் அவருக்குக் கீழே போகாமல் இருந்தால் நல்லது.

வந்த பிறகு விண்டோஸிலேயே பேட்டரி ரிப்போர்ட் எடுக்கலாம். அதில் வடிவமைப்புக் கொள்ளளவு, முழு சார்ஜ் கொள்ளளவு என்று இரண்டு எண்கள் இருக்கும். புதிதாக வந்த லேப்டாப்பில் இரண்டும் ஏறத்தாழ ஒன்றாக இருக்க வேண்டும். பத்து சதவீதத்துக்கு மேல் இறங்கியிருந்தால், பல மாதங்கள் கிடங்கில் கிடந்த பேட்டரி, அல்லது திரும்பி வந்த லேப்டாப். மாற்றிக் கேளுங்கள்.

மெல்லிய லேப்டாப்பில் முதலில் உடைவது எது?

ஹிஞ்ச். மூடியையும் உடம்பையும் பிடித்திருக்கும் கீல்.

போன வருடம் பாளையங்கோட்டையில் படிக்கும் ஒரு கல்லூரி மாணவி லேப்டாப்பைத் துப்பட்டாவில் சுற்றிக் கொண்டுவந்தாள். வாங்கிப் பதினான்கு மாதம். மூடியைத் திறக்கும்போது வலது மூலையில் "டக்" என்று சத்தம் வந்திருக்கிறது, அப்புறம் திரையின் கீழ் விளிம்பு வாய் பிளந்துவிட்டது. கீழ்க் கவரைக் கழற்றினேன். ஹிஞ்ச் உடையவே இல்லை. இரும்புப் பட்டை, மூன்று ஸ்க்ரூ எல்லாம் முழுசாக இருந்தன. ஸ்க்ரூ ஏறும் பித்தளை நட்டுகள் பிளாஸ்டிக்கை விட்டு வேரோடு பிடுங்கிக்கொண்டு வந்திருந்தன. ஒவ்வொரு நட்டைச் சுற்றியும் பிளாஸ்டிக் துணுக்கு வளையம் போல ஒட்டிக்கொண்டிருந்தது. பிடுங்கிய இடத்தில் பிளாஸ்டிக்கின் கனத்தை அளந்தேன், ஒன்றரை மில்லிமீட்டர் கூட இல்லை. கம்பெனியில் கேட்டபோது "இது ஃபிசிக்கல் டேமேஜ், வாரண்டியில் வராது" என்று சொல்லிவிட்டார்களாம். அந்தப் பிள்ளை அதைக் கீழே போட்டதே இல்லை. திறந்தாள், மூடினாள், அவ்வளவுதான்.

இது ஏன் நடக்கிறது என்றால், ஹிஞ்ச் இறுக்கமாக இருக்கும், அதைப் பிடித்திருக்கும் பிளாஸ்டிக் மெலிதாக இருக்கும். ஒவ்வொரு முறை திறக்கும்போதும் அந்த இறுக்கம் முழுவதும் நட்டுகளின் மேல் இறங்குகிறது. நாளாக நாளாக ஹிஞ்சில் உள்ள கிரீஸ் காய்ந்து இன்னும் இறுகும்.

வாங்கும் முன் சோதிக்க ஒரு வழி உண்டு. லேப்டாப்பை மேசையில் வைத்து, மூடியின் ஒரு மூலையை மட்டும் பிடித்து மெதுவாகத் திறங்கள். திறக்கும்போது ஹிஞ்ச் பக்கத்தைக் கவனியுங்கள். அங்கே கவர் மேலே உப்பி எழுந்தால், இரண்டு தகடுகளுக்கு நடுவே மயிரிழை அளவு பிளவு தெரிந்தால், வேண்டாம். மூடி முழுவதும் முறுக்கிக்கொண்டு திறந்தாலும் வேண்டாம். நல்ல லேப்டாப்பில் மூலையைப் பிடித்தாலும் மூடி ஒரே பலகை போல எழும். வாங்கிய பிறகும் நடுவில் பிடித்தே திறக்கப் பழகுங்கள்.

"மெட்டல் பாடி" என்று எழுதியிருந்தால் எந்தப் பகுதி மெட்டல் என்று கேளுங்கள். மேல்மூடி மட்டும் அலுமினியம், உள்ளே ஹிஞ்ச் பிடிக்கும் இடம் பிளாஸ்டிக் என்பது சாதாரணமாக நடப்பது.

சூடாகுமா?

ஆகும். எவ்வளவு என்பதுதான் விஷயம். 2011-ல் இன்டெல் அல்ட்ராபுக் என்ற வகையை அறிமுகப்படுத்தியதிலிருந்தே மெல்லிய லேப்டாப்புக்கும் சூட்டுக்கும் போராட்டம்தான். உடம்பு ஒல்லியானால் விசிறியும் ஒல்லியாகும், காற்று போக இடமும் குறையும்.

நாம் கவனிக்க வேண்டிய இன்னொன்று இருக்கிறது. விமர்சகர்கள் பெரும்பாலும் ஏசி அறையில், 22, 24 டிகிரியில் சோதிக்கிறார்கள். நம் ஊரில் மே மாதம் ஹாஸ்டல் அறைக்குள் 36, 37 டிகிரி இருக்கும். லேப்டாப் விசிறி வெளிக் காற்றை இழுத்துத்தான் சிப்பைக் குளிரவைக்கிறது. உள்ளே போகும் காற்றே பன்னிரண்டு டிகிரி கூடுதல் சூடு என்றால் சிப்பும் ஏறத்தாழ அந்த அளவுக்குச் சீக்கிரம் தன் எல்லையைத் தொடும். எல்லை 95, 100 டிகிரி. தொட்டதும் வேகத்தைத் தானாகவே குறைத்துக்கொள்ளும். அதனால்தான் வீடியோவில் பறந்த லேப்டாப் வீட்டில் தவழ்கிறது.

சோதிக்க: ஏசியை அணைத்துவிட்டு, ஏதாவது கனமான வேலையை 20 நிமிடம் தொடர்ந்து ஓட்டுங்கள். முதல் இரண்டு நிமிடத்தில் கிடைக்கும் வேகத்தை நம்பாதீர்கள், பதினைந்தாம் நிமிடத்தில் என்ன கிடைக்கிறது என்று பாருங்கள். கீபோர்டின் நடுப்பகுதியில் விரல் வைக்க முடியாத அளவு சுட்டால் திருப்பிக் கொடுங்கள்.

அப்புறம், காற்றுத் துளைகள் அடிப்பக்கம் இருக்கும் லேப்டாப்பை மெத்தைமேல் வைத்து ஓட்டாதீர்கள். எந்தப் பிராண்டாக இருந்தாலும் சரி.

திரையில் என்ன பார்க்க வேண்டும்?

ஐபிஎஸ் பேனலா (பக்கவாட்டில் பார்த்தாலும் நிறம் அதிகம் மாறாத வகை), வெளிச்சம் 300 நிட்டாவது இருக்கிறதா (நிட் என்பது திரை வெளிச்சத்தின் அளவு). 250 நிட் என்றால் ஜன்னல் ஓரம் உட்கார்ந்து பார்க்கச் சிரமம். "45% என்டிஎஸ்சி" (திரை எவ்வளவு நிறங்களைக் காட்டும் என்பதன் அளவு) என்று இருந்தால் நிறங்கள் வெளிறித் தெரியும்; டைப்பிங்குக்குப் பரவாயில்லை, போட்டோ வேலைக்கு ஆகாது. இரவில் விளக்கை அணைத்துவிட்டு, திரை முழுவதும் கறுப்புப் படம் ஒன்றை வைத்து ஓரங்களைப் பாருங்கள். வெளிச்சம் கசிந்தால் தெரிந்துவிடும்.

ஒரு நல்ல செய்தி: இந்த லேப்டாப்களில் உள்ள திரை பெரும்பாலும் பிஓஇ, ஏயுஓ, இன்னோலக்ஸ் போன்ற பெரிய பேனல் தயாரிப்பாளர்களுடையது. பொதுவான அளவும் 30 பின் இணைப்பும் இருந்தால், கம்பெனி கைவிட்டாலும் வெளியில் வாங்கி மாற்றிவிடலாம். சென்னை ரிச்சி தெருவிலிருந்து வரவழைத்து நானே பலமுறை மாற்றியிருக்கிறேன்.

கீபோர்டு, டச்பேட்?

கையில் எடுத்து ஒரு பக்கம் டைப் செய்து பாருங்கள், வேறு வழியில்லை. பவர் பட்டன் டெலீட் விசைக்குப் பக்கத்திலேயே இருந்தால் பழக நாளாகும். கீபோர்டு மாற்றும் செலவையும் சொல்லிவிடுகிறேன்: பல மெல்லிய லேப்டாப்களில் கீபோர்டை ஸ்க்ரூ போட்டு மாட்டுவதில்லை, பிளாஸ்டிக் குமிழ்களை உருக்கி மேல் கவரோடு ஒட்டிவிடுகிறார்கள். ஒரு விசை போனாலும் மேல் கவர் முழுவதையும் மாற்ற வேண்டும், அல்லது ஐம்பது அறுபது குமிழ்களை ஒவ்வொன்றாக வெட்டி எடுத்துத் திரும்ப ஒட்ட வேண்டும். கேள்விப்படாத மாடலுக்கு மேல் கவர் கிடைப்பது அபூர்வம். டீயைப் பக்கத்தில் வைக்காதீர்கள்.

வைஃபை மெதுவாக இருக்கிறது என்று சிலர் சொல்கிறார்களே?

காரணம் பெரும்பாலும் ஒற்றை ஆன்டெனா. காசு மிச்சம் பிடிக்கிற இடங்களில் அதுவும் ஒன்று. 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபையில் இணைத்துவிட்டு, விண்டோஸ் அமைப்புகளில் இணைப்பு வேகத்தைப் பாருங்கள். 433 எம்பிபிஎஸ் என்று நின்றால் ஒற்றை ஆன்டெனா, பழைய வைஃபை 5 கார்டு. 866 அல்லது அதற்கு மேல் காட்டினால் கவலையில்லை. கார்டு சால்டர் செய்யப்படாமல் இருந்தால் மாற்றிக்கொள்ளலாம்.

சார்ஜ் போட்டபடி மெட்டல் பாடியில் கை வைத்தால் சுருசுரு என்கிறது. ஷாக் அடிக்குமா?

இதைக் கேட்டு வராத மாதமே இல்லை. சார்ஜரின் உள்ளே மின் இரைச்சலைக் குறைக்க ஒரு கெப்பாசிட்டர் இருக்கும். அதன் வழியாக மிக மிகச் சிறிய கசிவு மின்சாரம் லேப்டாப் உடம்புக்கு வருகிறது. மூன்று பின் பிளக்கும் சரியான எர்த்தும் இருந்தால் அது எர்த்தில் இறங்கிவிடும். இரண்டு பின் சார்ஜரிலோ, எர்த் இல்லாத வீட்டிலோ இறங்க வழியில்லாமல் உங்கள் கை வழியாகப் போகப் பார்க்கிறது. தரச்சான்று பெற்ற சார்ஜர் என்றால் ஆபத்து இல்லை. ஆனால் சார்ஜர் யார் செய்தது என்றே தெரியவில்லை, சுருசுரு என்பதைத் தாண்டிச் சுள்ளென்று அடிக்கிறது என்றால் உடனே பிளக்கைப் பிடுங்குங்கள். சார்ஜரை மாற்றுங்கள், வீட்டின் எர்த்தையும் எலக்ட்ரீஷியனை வைத்துப் பாருங்கள்.

டைப்-சி சார்ஜிங் இருப்பது அவசியமா?

என் கணக்கில் மிகவும் அவசியம். கேள்விப்படாத கம்பெனியின் உருண்டை பின் சார்ஜர் போய்விட்டால், அதே வோல்டேஜ், அதே பின் தேடி அலைய வேண்டும். டைப்-சியில் பவர் டெலிவரி முறை இருந்தால் எந்த நல்ல 65 வாட் சார்ஜரும் போதும். போர்ட் இருப்பது மட்டும் போதாது, அதில் சார்ஜ் ஏறுமா என்று கேளுங்கள். சிலவற்றில் டைப்-சி டேட்டாவுக்கு மட்டும்தான்.

பிஐஎஸ் எண் என்கிறார்களே, அது என்ன?

இந்தியாவில் விற்கும் லேப்டாப்புக்கு இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் கட்டாயப் பதிவு வேண்டும். லேப்டாப்பின் அடியில் உள்ள லேபிளில் ஆர் என்று தொடங்கும் எண் இருக்கும். சார்ஜருக்குத் தனி எண் உண்டு. போனில் பிஐஎஸ் கேர் செயலியைப் போட்டு அந்த எண்ணைத் தட்டினால் யார் பெயரில், எந்தப் பொருளுக்குப் பதிவு என்று வரும். எண்ணே இல்லை, அல்லது வேறு பொருளின் பெயர் வருகிறது என்றால் அந்த லேப்டாப்பை வீட்டுக்குள்ளேயே எடுத்துவராதீர்கள். லேப்டாப்பின் எண் சரியாக இருந்து சார்ஜரின் எண் போலியாக இருந்ததையும் பார்த்திருக்கிறேன், அதனால் இரண்டையும் தட்டுங்கள்.

விண்டோஸ் ஒரிஜினலா என்று எப்படித் தெரியும்?

ஆக்டிவேஷன் பக்கத்தில் "டிஜிட்டல் உரிமத்துடன் செயல்படுத்தப்பட்டது" என்று இருந்தால் பெரும்பாலும் சரி. "உங்கள் நிறுவனத்தின் சர்வர் மூலம்" என்ற பொருளில் ஏதாவது இருந்தால், அது அலுவலகங்களுக்கான உரிமத்தை வைத்து ஒப்பேற்றியது, புகார் செய்யுங்கள். எப்படியிருந்தாலும் ஒரு வேலை செய்யுங்கள்: முதலில் டிரைவர்களை எல்லாம் ஒரு பென் டிரைவில் எடுத்து வைத்துவிட்டு, மைக்ரோசாஃப்ட் தளத்திலிருந்து விண்டோஸ் 11-ஐத் தரவிறக்கிப் புதிதாக நிறுவுங்கள். யார் யார் கை பட்ட விண்டோஸ் என்று தெரியாத ஒன்றில் உங்கள் வங்கிக் கடவுச்சொல்லைத் தட்ட வேண்டாம். 2024-ல் ஒரு சிறிய கம்பெனியின் மினி கணினிகளில் தொழிற்சாலையிலிருந்தே வைரஸ் ஏறி வந்தது செய்தியானது. டிரைவரை எடுத்து வைக்க மறக்காதீர்கள், டச்பேட் டிரைவர் ஒன்றுக்காக மூன்று நாள் தேடியவர்கள் இருக்கிறார்கள்.

சர்வீஸ் எப்படி இருக்கும் என்று வாங்கும் முன்பே தெரிந்துகொள்ள முடியுமா?

முடியும். அந்தக் கம்பெனியின் சர்வீஸ் எண்ணுக்குப் போன் போடுங்கள். வாங்கப் போகிறவர் என்று சொல்லாதீர்கள், ஏற்கெனவே அந்த மாடலை வைத்திருப்பவர் போலவும் பேச வேண்டாம். நேராக மூன்றே கேள்வி: இந்த மாடலுக்குப் பேட்டரி என்ன விலை? திரை மாற்ற என்ன ஆகும்? என் மாவட்டத்தில் எங்கே கொண்டுபோய்க் கொடுப்பது? மூன்றுக்கும் எண்ணோடு, முகவரியோடு பதில் வந்தால் அந்தக் கம்பெனியை நம்பலாம். "வாட்ஸ்அப்பில் மெசேஜ் பண்ணுங்க" என்று மட்டும் பதில் வந்தால் அதுவே பதில்.

சர்வீஸ் சென்டர் என்று பட்டியலில் இருப்பது உண்மையில் பெட்டியை வாங்கிச் சென்னைக்கோ பெங்களூருக்கோ அனுப்பும் இடமாக இருக்கலாம். திருநெல்வேலிக்காரருக்கு மதுரை என்றாலே நூற்றைம்பது கிலோமீட்டர். வீட்டுக்கே வந்து பார்க்கும் வாரண்டியா, நாம் கொண்டுபோக வேண்டிய வாரண்டியா என்பதையும், பேட்டரிக்கும் சார்ஜருக்கும் எத்தனை மாதம் என்பதையும் தனித்தனியாகக் கேளுங்கள்.

சிங்கப்பூரில் இருக்கும் சித்தப்பா அங்கே மலிவாகக் கிடைக்கிறது என்று வாங்கி வருகிறேன் என்கிறார்.

18 வயது நிறைந்த பயணி ஒருவர் ஒரு லேப்டாப்பைச் சுங்க வரி இல்லாமல் கொண்டுவரலாம். அதில் சிக்கல் இல்லை. பெரிய கம்பெனி சிலவற்றுக்கு வாரண்டி நாடு தாண்டியும் செல்லும். சின்னக் கம்பெனிக்கு அநேகமாகச் செல்லாது. பழுதானால் சித்தப்பா திரும்பப் போகும்வரை காத்திருக்க வேண்டும். பிளக் மாறியிருப்பது பெரிய விஷயமில்லை, சார்ஜரின் பின்னால் கழற்றும் வகைக் கேபிள் என்றால் நம் ஊர் மூன்று பின் கேபிளை மாட்டிக்கொள்ளலாம்.

இதே காசுக்குப் பழைய பிசினஸ் லேப்டாப் வாங்கலாமா?

படிக்கிற பிள்ளைகளுக்குப் பல நேரம் நான் இதைத்தான் சொல்கிறேன். 2018-ல் வந்த லெனோவோவின் திங்க்பேட் டி480, டெல்லின் லாட்டிட்யூட் 7490 போன்றவை எட்டாம் தலைமுறை இன்டெல் கொண்டவை, விண்டோஸ் 11 முறையாக ஏறும், ரேமைக் கூட்டலாம். திங்க்பேடைப் பிரித்து மாட்டும் விவரப் புத்தகத்தை லெனோவோவே வெளியிட்டிருக்கிறது. பாகம் எந்த ஊரிலும் கிடைக்கும். குறை: கனம் அதிகம், பேட்டரி தேய்ந்திருக்கும், திரை மங்கலாக இருக்கலாம், விற்பவர் யார் என்பதைப் பொறுத்தது எல்லாம். அதோடு வேகத்தில் ஐ3-1215யூ இவற்றை எளிதாகத் தாண்டிவிடும். ஒல்லியாகவும் புதிதாகவும்தான் வேண்டும் என்றால் இது உங்களுக்கு ஒத்துவராது. நான்கு வருடம் ஊரிலேயே சரிசெய்து ஓட்ட வேண்டும் என்றால் இதுதான் என் தேர்வு.

பெட்டி வந்துவிட்டது. முதலில் என்ன செய்ய வேண்டும்?

பிரிப்பதை வீடியோ எடுங்கள், வெட்டாமல். திரும்பக் கொடுக்கும் அவகாசம் எத்தனை நாள் என்று பார்த்து, அதற்குள் எல்லாச் சோதனையையும் முடித்துவிடுங்கள். "லீவில் பார்க்கலாம்" என்று வைத்தவர்கள்தான் மாட்டிக்கொள்கிறார்கள். பிராசஸர், பேட்டரி ரிப்போர்ட், ஹிஞ்ச், 20 நிமிடச் சூடு, வைஃபை, எல்லா யூஎஸ்பி போர்ட்டும், கேமரா, மைக். கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற கருவி எஸ்எஸ்டி எத்தனை மணி நேரம் ஓடியிருக்கிறது என்று காட்டும். புதியது என்றால் சில மணி நேரம்தான் இருக்க வேண்டும். நூற்றுக்கணக்கில் இருந்தால் அது யாரோ பயன்படுத்தியது.

பிரச்சினை வந்து கம்பெனி பதிலே சொல்லவில்லை என்றால்?

ஆன்லைனில் வாங்கியிருந்தால் முதலில் அந்தத் தளத்தின் குறைதீர் அதிகாரிக்கு எழுத்தில் புகார் கொடுங்கள். 2020-ன் மின்வணிக விதிகளின்படி 48 மணி நேரத்துக்குள் பெற்றுக்கொண்டதாகச் சொல்ல வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். நடக்கவில்லையென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915, தமிழிலேயே பேசலாம். அதற்கும் அசையவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். பொருளின் விலை 5 லட்சம் வரை என்றால் கட்டணம் கிடையாது, வக்கீல் வைப்பதும் கட்டாயமில்லை. இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். பில், வாரண்டி அட்டை, வாட்ஸ்அப் உரையாடல், எல்லாவற்றையும் பத்திரமாக வையுங்கள்.

இரண்டு வருடமாக நன்றாக ஓடுகிறது. இப்போது டச்பேட் சரியாக அமுங்கவில்லை, ஒரு பக்கம் மேடாகத் தெரிகிறது.

அது டச்பேட் கோளாறு இல்லை. மெல்லிய லேப்டாப்பில் பேட்டரி டச்பேடுக்கு நேர் கீழே இருக்கிறது. பேட்டரி உப்பத் தொடங்கினால் முதலில் தெரிவது இப்படித்தான்: கிளிக் கடினமாகும், பிறகு கீழ்க் கவர் மேசையில் ஒட்டாமல் ஆடும். உடனே சார்ஜரைப் பிடுங்கி அணைத்துவிடுங்கள். அமுக்கிச் சரிசெய்யப் பார்க்காதீர்கள், ஊசியால் குத்தவே குத்தாதீர்கள், தீப்பிடிக்கும். மெத்தை, துணி, காகிதம் இல்லாத இடத்தில் வைத்து, அன்றைக்கே பக்கத்தில் உள்ள கடைக்குக் கொண்டுபோய்ப் பேட்டரியைக் கழற்றச் சொல்லுங்கள். கழற்றிய பேட்டரியின் லேபிளில் உள்ள மாடல் எண்ணைப் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். கம்பெனியின் பெயரை வைத்துத் தேடினால் கிடைக்காத பேட்டரி, அந்த எண்ணை வைத்துத் தேடினால் பல நேரம் கிடைத்துவிடுகிறது.